குடிக்காதவர் பொருத்திய ஒயின்

"உங்க நைனா ஒரு சொட்டுகூட வாயில வெக்கறதில்லன்னு சொல்றீங்க. அப்பறம் எந்தக் கொழம்புக்கு எந்த ஒயின் போவும்னு அவருக்கு மட்டும் எப்பிடிம்மா தெரியும்?"

எங்கள் சபையின் மூப்பர் சுந்தர்ராஜ் என்னிடம் இப்படிக் கேட்டது 1978 அக்டோபரில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து எல்லாரும் சர்ச் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அவர் கெட்ட மனிதர் இல்லை. சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் சுற்றி நின்ற நாலைந்து பேர் செருப்பு மாட்டுவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள். எனக்கு அப்போது பதிமூன்று வயது. நைனா, அதாவது என் அப்பா, குடிக்க மாட்டார் என்பது எனக்குத் தெரியும். ஒயினைப் பற்றி அவர் சொன்னது சரியாக வந்தது என்பதும் ஊருக்கே தெரிந்துவிட்டது. இரண்டையும் எப்படிச் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இப்போது பத்தாவது முடித்துவிட்டு டைப்ரைட்டிங் வகுப்புக்கும் வீட்டுக்குமாக நடந்துகொண்டிருக்கிறேன். எங்காவது போக வேண்டும், ஏதாவது செய்ய வேண்டும் என்று இருக்கிறது. எங்கே, என்ன என்று தெரியாத நேரத்தில் இந்தக் கேள்வியையாவது முடித்துவிடலாம் என்று தோன்றியது. நைனாவிடம் கேட்டேன். அவர் வேலை செய்யும் ஓட்டலின் சமையற்காரி கன்னியம்மாளிடம் கேட்டேன். முதலாளி நாகபூஷணத்திடமும் போய்க் கேட்டேன். மூன்று பேரும் சொன்னதைச் சேர்த்து எழுதுகிறேன்.

என் நைனா பெயர் கிருபானந்தம். ஏர்பேட்டில் பிறந்தவர். எட்டாவதுவரை மிஷன் ஹாஸ்டலில் படித்தார். பிறகு திருப்பதியில், யாத்திரிகர்கள் சாப்பிடும் ஒரு சைவ மெஸ்ஸில் பரிமாறும் வேலைக்குச் சேர்ந்தார். காலை பத்து மணிக்குப் பந்தி தொடங்கினால் மூன்று மணிவரை ஓயாது. அங்கே அவருக்குப் பிடித்த வேலை பரிமாறுவது இல்லையாம்; இலை எடுப்பதாம். இதைச் சொன்னபோது நான் நம்பவில்லை. யாருக்காவது எச்சில் இலை எடுப்பது பிடிக்குமா? "பரிமாறும்போது ஆளுங்க மூஞ்சியப் பாத்தா எல்லாம் பசி மூஞ்சியாதான் இருக்கும். எலையப் பாத்தாதான் நெஜம் தெரியும்" என்றார். பத்து இலையில் கூட்டு மிஞ்சியிருந்தால் அன்றைக்குக் கூட்டில் ஏதோ சரியில்லை. எல்லா இலையிலும் ரசம் போன தடமே இல்லாமல் துடைத்திருந்தால் மறுநாளும் அதே ரசம் வைக்கலாம். இதைச் சமையல்காரரிடம் போய்ச் சொல்வாராம். ஆரம்பத்தில் திட்டு வாங்கினார். கொஞ்ச நாளில் சமையல்காரரே பந்தி முடிந்ததும், "இன்னிக்கு எது திரும்பி வந்துச்சு?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.

அங்கிருந்து ஒரு மிஷன் ஆஸ்பத்திரியின் விருந்தினர் விடுதிக்குப் போனார். வெளிநாட்டு டாக்டர்கள் வந்து தங்குகிற இடம். கத்தி, முள்கரண்டி, சூப் கிண்ணம், இங்கிலீஷ் எல்லாம் அங்கே கற்றுக்கொண்டது. அவருடைய இங்கிலீஷ் இலக்கணம் பார்க்காது, ஆனால் யாருக்கும் புரியாமல் போனதில்லை. 1971-இல் நாகபூஷணம் சித்தூரில், வேலூர் ரோட்டில் ஓட்டல் திறந்தபோது மேஜையில் பரிமாறும் பேரராக வந்து சேர்ந்தார்.

நாகபூஷணம் நகரிக்காரர். நெசவுக் குடும்பம். தறியை அண்ணன்மாரிடம் விட்டுவிட்டு ஓட்டல் வைக்க வந்தவர். 1974-இல் ஓட்டலுக்குப் பார் லைசென்ஸ் வாங்கினார். அன்றைக்கு நைனா முதலாளியிடம் ஒரே ஒரு விஷயம் சொல்லிவிட்டார். எங்கள் சபையில் முழு உறுப்பினராகச் சேரும் திடப்படுத்தல் சடங்கின்போது பிள்ளைகள் ஓர் அட்டையில் கையெழுத்துப் போடுவார்கள்: உயிரோடு இருக்கும்வரை மதுவைத் தொட மாட்டேன் என்று. நற்கருணைக்குக்கூட எங்கள் சபையில் உலர்ந்த திராட்சையைக் கொதிக்கவைத்து வடித்த ரசம்தான். நைனா பதினாறு வயதில் போட்ட கையெழுத்து அது. கொண்டுவந்து ஊற்றச் சொன்னால் ஊற்றுவேன், குடிக்கச் சொல்லக் கூடாது என்றார். முதலாளி சிரித்துவிட்டு, குடிக்காத பேரர் கிடைப்பது எனக்கு லாபம்தானே என்றாராம்.

ஒயின் குடிப்பவர்கள் சித்தூரில் அதிகம் இல்லை. பெரும்பாலும் பீர், பிராந்தி. ஆனால் கோர்ட்டுக்கு வரும் வக்கீல்கள், சர்க்கரை ஆலை அதிகாரிகள், பெங்களூர் போகிற வழியில் இறங்குகிறவர்கள் என்று வாரத்துக்கு மூன்று நான்கு மேஜையில் ஒயின் கேட்பார்கள். சாப்பிட்டு எழுந்தவர்களின் மேஜையை எடுக்கும்போது நைனா தட்டையும் கிளாஸையும் சேர்த்துப் பார்ப்பார். இலை பார்த்த கண் அல்லவா, சும்மா இருக்காது. எங்கள் பக்கத்துச் சாப்பாட்டின் ராஜா நாட்டுக்கோழிப் புலுசும் கேழ்வரகுக் களியும். புலுசு என்றால் புளியும் மிளகாயும் தூக்கலாக இருக்கும் கோழிக்குழம்பு. காதில் புகை வரும். புலுசு சாப்பிட்டவர்கள் சிவப்பு ஒயினை இரண்டு வாய் குடித்துவிட்டு அப்படியே வைத்துவிடுவதை நைனா திரும்பத் திரும்பப் பார்த்தார். அந்த மேஜையில் தண்ணீர் ஜக்கு மட்டும் இரண்டு தடவை காலியாகும். களி பாதியில் நிற்கும். அதே புலுசோடு யாராவது இனிப்பான வெள்ளை ஒயினைக் குளிரவைத்துக் கேட்டால், அந்த மேஜையில் கிளாஸும் காலி, தட்டும் காலி, இன்னொரு களி உருண்டைக்கும் ஆர்டர். வறுத்த மீனுக்குப் புளிப்பான வெள்ளை மிஞ்சாது. காரம் குறைந்த வறுவல் கறிக்குச் சிவப்பு மிஞ்சாது. நாலு வருஷம் இதை யாரும் கேட்கவில்லை; அவரும் யாரிடமும் சொல்லவில்லை.

வாசனையும் பார்ப்பார். "வாய்க்குத்தான் கையெழுத்துப் போட்டேன், மூக்குக்குப் போடல" என்று என் அம்மாவிடம் சொல்வார்.

1978 செப்டம்பரில் ஜெயச்சந்திரன் என்ற மாம்பழக்கூழ் ஆலைக்காரர் ஓட்டலுக்கு வந்தார். மாம்பழத்தைக் கூழாக்கி டின்னில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர். ஹாலந்திலிருந்து அவருடைய கூழைப் பார்க்க இரண்டு பேர் வருகிறார்கள். ஒரு பெரியவர், ஓர் அம்மா. எங்கே போனாலும் அந்த ஊர்ச் சாப்பாட்டைத்தான் சாப்பிடுவோம், கூட ஒயின் இருந்தால் சந்தோஷம் என்று கடிதம் போட்டிருக்கிறார்கள். ஜெயச்சந்திரன் பெங்களூரிலிருந்து மூன்று வகை ஒயின் வரவழைத்துவிட்டார். ஒன்று சர்க்கரையே இல்லாத சிவப்பு. ஒன்று புளிப்பான வெள்ளை. ஒன்று தேன்போல இனிப்பான வெள்ளை. கூடவே பெங்களூர் ஓட்டல்காரர் ஒருவர் டைப் அடித்துக் கொடுத்த காகிதம்: மீனுக்குப் புளிப்பு வெள்ளை, கோழிக்கும் கறிக்கும் சிவப்பு, கடைசியில் பாயசத்துக்கு இனிப்பு வெள்ளை.

இந்தச் சமயத்தில் ஓட்டலில் கேப்டன் வேலை காலியாக இருந்தது. கேப்டன் என்றால் கோட்டுப் போட்டுக்கொண்டு ஆர்டர் எடுப்பவர். பேரர்கள் எல்லாரும் அவர் சொல்படி நடக்க வேண்டும். ஏழு வருஷம் பேரராக இருந்த நைனா அந்த வேலை தனக்கு வரும் என்று காத்திருந்தார். வாய்விட்டுக் கேட்கவில்லை. ஆனால் பழைய கறுப்புக் கோட்டு ஒன்றை வாங்கி அம்மாவிடம் கொடுத்துத் தோள்பக்கம் பிடித்துத் தைக்கச் சொல்லியிருந்தார். அதனால் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். முதலாளியோ பெங்களூரிலிருந்து ஒயின் தெரிந்த கேப்டன் ஒருவரைக் கொண்டுவரலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். அந்தக் காகிதத்தை எழுதியவரே ஓர் ஆளைச் சொல்லியிருந்தாராம்.

நைனா காகிதத்தைப் படித்துவிட்டு முதலாளியிடம் போனார். மீன் சரி, கோழி தப்பு என்றார். நம் புலுசோடு இந்தச் சிவப்பை வைத்தால் கிளாஸ் அப்படியே திரும்பி வரும். இனிப்பு வெள்ளையைப் புலுசுக்குக் கொண்டுவர வேண்டும் என்றார்.

முதலாளி அவரை ஏற இறங்கப் பார்த்தார். சிவப்பு ஒயினைத் திறந்து கிளாஸில் இரண்டு விரல் அளவு ஊற்றி மேஜைமேல் வைத்தார்.

"ஏமய்யா கிருபானந்தம், பெங்களூரான் குடிச்சுப் பாத்து எழுதனது இது. நீ ஒரு வாய் குடி. குடிச்சுட்டு தப்புன்னு சொல்லு, நான் ஒத்துக்கறேன்."

"அது மட்டும் கேக்காதீங்க மொதலாளி."

"ஒரு வாய்தான்யா. பாதர் இங்க வந்து பாக்கப் போறாரா?"

"எங்களுக்குப் பாதர் இல்லீங்க, ஐயரு. அவரு பாக்க மாட்டாரு. நான் பாத்துக்கினு இருப்பேனே."

எங்கள் சபையில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். கடைசியில், சரி, நீங்களே புலுசைச் சாப்பிட்டு இதைக் குடித்துப் பாருங்கள் என்று நைனா சொன்னார். அப்போதுதான் இரண்டு பேருக்கும் ஒன்று உறைத்தது. அது புரட்டாசி மாதம்.

எங்கள் ஊரில் புரட்டாசி என்றால் பாதி ஊர் கறி தின்னாது, குடிக்காது. பெருமாள் மாதம். ஏழுமலை எட்டும் தூரத்தில் இருக்கும்போது யாருக்குத் தைரியம் வரும்? முதலாளி வாயில் முட்டைகூட வைக்க மாட்டார். ஜெயச்சந்திரனும் அப்படியே. சமையலறையில் கோழி சமைக்கிற கன்னியம்மாளும் அப்படியே. வெதுருகுப்பத்துக்காரி, அந்த மாதம் முழுக்கக் கோழிக்குழம்பைக் கையால் தொடுவாள், நாக்கில் வைக்க மாட்டாள். உப்பும் காரமும் கொதிக்கிற வாசனையிலேயே பார்த்துக்கொள்வாள். கிறிஸ்தவர்கள் கோழி தின்போம், ஆனால் ஒயின் தொட மாட்டோம். ஆகக் கோழியும் தின்று ஒயினும் குடிக்கிற ஓர் ஆள் சித்தூரில் வேண்டும்.

ஒருவர் கிடைத்தார். துலுக்காணம், லாரி ஏஜெண்ட். சாமியெல்லாம் மனசில் இருந்தால் போதும் என்கிற கட்சி. மத்தியானம் கூப்பிட்டு உட்காரவைத்துப் புலுசும் களியும் போட்டு, மூன்று ஒயினையும் மூன்று கிளாஸில் வைத்தார்கள். முதலாளி எதிரில் உட்கார்ந்து அவர் வாயையே பார்த்தார். துலுக்காணம் மூன்று கிளாஸையும் காலி செய்தார். தட்டையும் காலி செய்தார். எது நன்றாக இருந்தது என்று கேட்டதற்கு, "எல்லாம் சூப்பரா கீதுண்ணா. நாளிக்கும் வரட்டா?" என்றார்.

மிச்சத்தைப் பார்த்தே கணக்குப் போடுகிற நைனாவுக்கு அன்றைக்கு ஒரு பருக்கைகூட மிச்சம் கிடைக்கவில்லை. இதைச் சொல்லும்போது இப்போதும் அவருக்குச் சிரிப்பு அடங்காது. அன்றைக்குச் சிரிக்கவில்லை.

மாலையில் முதலாளி கூப்பிட்டார். உன் இஷ்டப்படியே வை என்றார். "ஆனா ஒண்ணு. தப்பாப் போச்சுன்னா பெங்களூர்லருந்து ஆள் வருவான். நீ அவங்கீழ பேரரா இரு. மனஸ்தாபம் வெச்சுக்காத." நைனா தலையாட்டினார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் இதைச் சொன்னபோது நானும் அங்கேதான் இருந்தேன். தோள் பிடித்துத் தைத்திருந்த கோட்டை அம்மா மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள். கண்ணெதிரே தொங்கினால் அவருக்குப் பதற்றமாக இருக்கும் என்று நினைத்தாளோ என்னவோ.

விருந்து வெள்ளிக்கிழமை, சாயங்காலம் ஏழு மணிக்கு. ஹாலந்துக்காரர்கள் காலையில் திருப்பதிக்குப் போய் அடிவாரத்திலிருந்து மலையைப் பார்த்துவிட்டு, மத்தியானம் ஆலையில் கூழைப் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். பெரிய மேஜையில் நாலு பேர். அதில் இரண்டு பேருக்குத்தான் மீனும் கோழியும். ஜெயச்சந்திரனுக்கும் முதலாளிக்கும் தயிர்சாதம், மோர். விருந்து கொடுப்பவர்கள் மோர்க் கிளாஸைப் பிடித்துக்கொண்டு, விருந்தாளிகள் ஒவ்வொரு வாய் விழுங்கும்போதும் முகத்தைப் பார்த்தபடி இருந்தார்கள். அந்த அம்மா ஒரு தடவை, எங்களைப் பரீட்சை எழுதவைத்திருக்கிறீர்களா என்று கேட்டாராம்.

ஏரி மீன் வறுவல் போனது. கூடவே புளிப்பு வெள்ளை. தட்டும் கிளாஸும் சுத்தமாகத் திரும்பின. காகிதம் சொன்னதும் அதுதான், நைனா சொன்னதும் அதுதான். அதில் பெருமை ஒன்றும் இல்லை. அடுத்ததுதான் புலுசு.

நைனா சமையலறைக்குள் போனார். இனிப்பு வெள்ளை ஐஸ் வாளியில் தயாராக இருந்தது. கன்னியம்மாள் இரண்டு கிண்ணத்தில் புலுசை ஊற்றி வைத்திருந்தாள். கிண்ணத்தைத் தூக்கிய நைனா, தூக்கிய கையோடு நின்றுவிட்டார். குழம்பின்மேல் எப்போதும் மிதக்கும் சிவப்பு எண்ணெய் இல்லை. மூக்கில் ஏறும் நெடி இல்லை. கரண்டியால் ஒரு துளி எடுத்து நாக்கில் வைத்தார். பிள்ளை பெற்றவளுக்கு வைக்கிற குழம்புபோல இருந்தது.

"இன்னா கன்னிம்மா பண்ணி வெச்சிருக்க?"

"வெள்ளக்காரங்க பாவம்ணா. நம்ம காரத்த எப்பிடித் துன்னுவாங்க? இருபது மொளகா போடற எடத்துல நாலுதான் போட்டேன். வாசனை நல்லாத்தான் வந்துச்சு."

அவள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. வீட்டுக்கு வந்தவர்களுக்கு வயிறு எரியக் கூடாது என்று நினைத்தாள். மற்ற மாதமாக இருந்தால் ஒரு துளி நாக்கில் வைத்துப் பார்த்து, சப்பென்று இருக்கிறதே என்று இரண்டு மிளகாய் கிள்ளிப் போட்டிருப்பாள். புரட்டாசி அவள் நாக்கைக் கட்டிப்போட்டுவிட்டது.

நைனா கிண்ணத்தைக் கீழே வைத்தார். அவர் நாலு வருஷம் பார்த்ததெல்லாம் காரமான புலுசு. இனிப்பு வெள்ளை அந்தக் காரத்தைத்தான் அணைக்கும். இந்தச் சப்பைக் குழம்போடு அதை வைத்தால் பாயசத்தை ஊற்றிச் சாப்பிட்டதுபோலத் திகட்டும். இதற்குச் சிவப்புதான் சரி. ஆனால் சிவப்பைக் கொண்டுபோனால் காகிதம்தான் சரி என்று ஆகும். நீயே கடைசியில் பெங்களூரான் சொன்னதைத்தானே வைத்தாய் என்று முதலாளி கேட்டால் என்ன சொல்வது? கன்னியம்மாள்மேல் பழியைப் போடலாம். அவளோ அழுதுவிடுவதுபோல நின்றுகொண்டிருந்தாள்.

வாசல் பக்கத்து அடுப்பில் இன்னொரு அண்டா இருந்தது. ரோட்டில் போகிறவர்களுக்கு, லாரிக்காரர்களுக்கு வைக்கிற எப்போதும்போலான புலுசு. நைனா அதைப் பார்த்தார். பிறகு அதிலிருந்தும் இரண்டு சின்னக் கிண்ணம் ஊற்றச் சொன்னார். நாலு கிண்ணத்தையும் தட்டில் வைத்தார். சிவப்பு, இனிப்பு வெள்ளை இரண்டையும் எடுத்துக்கொண்டார்.

"அண்ணா, அத்தப் போயி வெள்ளக்காரங்களுக்கா?" என்றாள் கன்னியம்மாள்.

"அவங்களே சொல்லட்டும்" என்றார் நைனா.

மேஜையில் நாலு கிண்ணத்தைப் பார்த்ததும் முதலாளியின் மோர்க் கிளாஸ் அந்தரத்தில் நின்றது. நைனா அவர் பக்கம் திரும்பவில்லை. விருந்தாளிகள் ஒவ்வொருவர் முன்னாலும் இரண்டு கிண்ணம், இரண்டு கிளாஸ் வைத்தார். தன் இங்கிலீஷில் சொன்னார்: இது உங்களுக்காக எங்கள் சமையற்காரி காரம் குறைத்து வைத்தது. இது நாங்கள் சாப்பிடுவது. குறைந்ததற்குச் சிவப்பு, காரமானதற்கு இனிப்பு வெள்ளை. நான் ஒயின் குடிக்கிறவன் இல்லை. அதனால் நான் சொல்வது தப்பாக இருந்தால் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஒயின் குடிக்காதவன் என்று விருந்தாளியிடமே சொல்லிவிட்டானே என்று முதலாளிக்கு அந்த நிமிஷம் பகீர் என்றதாம். அவரே என்னிடம் சொன்னார்.

அந்த அம்மா நைனா சொன்னபடி செய்யவில்லை. காரமான புலுசைத் தொட்டுக் களியை விழுங்கிவிட்டு, கைக்கு முதலில் வந்த சிவப்பை எடுத்துக் குடித்துவிட்டார். கண்ணில் தண்ணீர் வந்தது. இருமினார். ஜெயச்சந்திரன் நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டார். அந்த அம்மா கையைக் காட்டி அவரை உட்காரச் சொல்லிவிட்டு, அதே புலுசை இன்னொரு வாய் வைத்து, இந்தத் தடவை குளிர்ந்த இனிப்பு வெள்ளையைக் குடித்தார். பிறகு பெரியவரின் கையைத் தட்டி, அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னார். பெரியவரும் அதேபோல ஒரு தடவை தப்பாகவும் ஒரு தடவை சரியாகவும் குடித்துப் பார்த்தார். அப்புறம் இரண்டு பேரும் குழந்தைகள் மாதிரி கிண்ணத்தை மாற்றி, கிளாஸை மாற்றி விளையாட ஆரம்பித்துவிட்டார்கள். சப்பைப் புலுசோடு சிவப்பு நன்றாக இருக்கிறது என்றார் பெரியவர். ஆனால் காரக் கிண்ணத்தைத்தான் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

பெரியவர் நைனாவைக் கூப்பிட்டு, குடிக்காமல் இது எப்படித் தெரிந்தது என்று கேட்டார். எங்கள் மூப்பர் என்னிடம் கேட்ட அதே கேள்விதான், இவர் முந்திக்கொண்டார்.

நைனா சொன்னார்: "மேஜைய நான்தான் எடுக்கறேன் சார். நீங்க எழுந்து போன அப்பறம் கிளாஸ்ல எவ்வளவு கீது, தட்டுல எவ்வளவு கீதுன்னு பாப்பேன். நாலு வருஷமா பாத்துக்கினு வரேன்." இதை இங்கிலீஷில்தான் சொன்னார். என்னிடம் திருப்பிச் சொன்னது இப்படி.

பெரியவர் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். எங்கள் நாட்டில் ஒயினை வாயில் வைத்துக் கொப்பளித்துத் துப்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், சாப்பிட்டவர்கள் வைத்த மிச்சத்தைப் படிக்கிறவரை இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்றார். ஜெயச்சந்திரன் பக்கம் திரும்பி, இந்த மாதிரி ஓர் ஆள் உங்கள் ஆலையில் இருக்கிறாரா என்று கேட்டார். ஜெயச்சந்திரன் சிரித்துச் சமாளித்தார்.

காரப் புலுசு இன்னும் இரண்டு கிண்ணம் போயிற்று. களி தீர்ந்துவிட்டது. கன்னியம்மாள் சமையலறைக் கதவு இடுக்கில் நின்று, வெள்ளைக்காரர்கள் கையால் எலும்பைக் கடிப்பதைப் பார்த்தாளாம். அதற்கு அப்புறம் யார் எந்த ஊரிலிருந்து வந்தாலும் அவள் மிளகாயைக் குறைப்பதில்லை.

பாயசத்துக்கு வைக்க இனிப்பு வெள்ளை மிஞ்சவில்லை. பாயசத்தை அவர்கள் அப்படியே சாப்பிட்டார்கள். குறை சொல்லவில்லை.

விருந்தாளிகள் போன பிறகு நைனாதான் மேஜையை எடுத்தார். முதலாளி நாற்காலியைவிட்டு எழுந்திருக்காமல், அவர் ஒவ்வொன்றாக எடுப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். காரக் கிண்ணத்தில் எலும்பு மட்டும். இனிப்பு வெள்ளைக் கிளாஸில் ஒன்றுமில்லை. சப்பைக் கிண்ணத்தில் கால்வாசி. சிவப்புக் கிளாஸில் ஒரு மடக்கு. நைனா எதையும் சுட்டிக் காட்டவில்லை. முதலாளி தானாகவே எல்லாவற்றையும் பார்த்தார். நல்லது என்றுகூடச் சொல்லவில்லை. நைனா வீட்டுக்கு வந்து படுத்துவிட்டார். அம்மா கேட்டதற்கு, "துன்னாங்க" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலையில் முதலாளி அவரைக் கூப்பிட்டுப் பெங்களூருக்கு ஒரு கடிதம் எழுதச் சொன்னார். இங்கிலீஷ் தெரிந்தவர் என்பதால் ஓட்டல் கடிதங்களை எல்லாம் நைனாதான் எழுதுவார். முதலாளி சொல்லச் சொல்ல எழுதினார்: தாங்கள் சொன்ன ஆளை அனுப்ப வேண்டாம், எங்களுக்குக் கேப்டன் கிடைத்துவிட்டார். நைனா பேனாவை நிறுத்தி, யாருங்க அது என்று கேட்டாராம். உண்மையிலேயே கேட்டார், அவருக்கு அப்படி ஒரு சுபாவம். முதலாளி தலையில் அடித்துக்கொண்டு, "நீதான்யா, வேற எவன்? எழுது" என்றார்.

அப்புறம் வேலையைப் பற்றிப் பேசினார்கள். இனிமேல் ஆர்டர் எடுப்பது, பேரர்களைப் பார்த்துக்கொள்வது, ஒயின் எது வாங்கலாம் என்று சொல்வது எல்லாம் நைனா. தட்டு எடுக்க வேறு ஆளைப் போட்டுக்கொள்கிறேன் என்றார் முதலாளி. கேப்டன் எச்சில் தட்டு எடுத்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்பது அவர் கவலை.

அங்கேதான் நைனா வாயைத் திறந்தார்.

"மொதலாளி, ஒயின் வாங்கற மேஜைய மட்டும் நானே எடுக்கறேன். அத்த வேற ஆளு எடுத்தா நான் குருடனாப் பூடுவேன்."

முதலாளிக்கு அது அரைமனசுதான். கோட்டுப் போட்ட கேப்டன் கையில் எச்சில் தட்டா? ஆனால் முந்தின நாள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தது அவர் கண்ணைவிட்டுப் போகவில்லை. சரி என்றார்.

மூன்று வருஷம் ஆகிவிட்டது. வேலூர் ரோட்டில் அந்த ஓட்டலுக்கு நீங்கள் போனால், கறுப்புக் கோட்டுப் போட்ட ஒருவர் உங்களிடம் ஆர்டர் எடுப்பார். ஒயின் கேட்டால், என்ன சாப்பிடப் போகிறீர்கள் என்று முதலில் கேட்பார். நீங்கள் எழுந்து கை கழுவப் போனதும் அவரே வந்து உங்கள் மேஜையை எடுப்பார். புது ஆட்கள் சிலர் இதைப் பார்த்துச் சிரிப்பதுண்டு. அவர் கண்டுகொள்வதில்லை. போன மாதம் ஓட்டலில் பிராந்தி குடிக்கிறவர்களுக்கு வறுத்த வேர்க்கடலையோடு மாங்காய்த் துண்டும் வைக்க ஆரம்பித்திருக்கிறார்கள். அதையும் அவர்தான் சொன்னார். எதைப் பார்த்துச் சொன்னார் என்று உங்களுக்கே தெரியும்.

மூப்பர் சுந்தர்ராஜிடம் போன ஞாயிற்றுக்கிழமை இதையெல்லாம் சொன்னேன். முழுக்கக் கேட்டார். சர்ச் விருந்துக்குப் பிரியாணி வைத்தால் எப்போதும் கத்திரிக்காய்க் குழம்பு மிஞ்சுகிறதே, அதற்கு என்ன செய்யலாம் என்று உன் நைனாவைக் கேட்டுச் சொல்லு என்றார். கேட்டேன். அடுத்த விருந்தில் தட்டுகளை நான் எடுக்கிறேன், அப்புறம் சொல்கிறேன் என்றார் நைனா. நானும் கூட எடுக்கலாம் என்றிருக்கிறேன்.

இன்னும் சிலர், அவர் குடித்துப் பார்த்துத்தான் சொல்லியிருப்பார் என்று பேசிக்கொள்கிறார்கள். எல்லாரையும் தேடிப்போய்ச் சொல்ல என்னால் ஆகாது. அதனால் இதைப் படிக்கிற உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன்: அப்படி யாராவது பேசினால் நடந்தது இதுதான் என்று சொல்லுங்கள். அதைவிட, ஏதாவது ஓட்டலில் தட்டு எடுத்துக்கொண்டிருக்கும் ஒருவரிடம் சொல்லுங்கள். என் எழுத்து ஞாபகம் இல்லாவிட்டால் போகட்டும். சித்தூரில் கிருபானந்தம் என்று ஒருவர் இப்படிச் செய்தார் என்பதை மட்டும் விடாமல் சொல்லிவிடுங்கள்.